உம் அண்ணா மூஞ்சி

எட்டு வயதில் ஒரு நாள் முழுக்க 'உம்மணாமூஞ்சி' என்ற சொல் என் அண்ணாவைப் பார்த்துத்தான் உண்டாக்கப்பட்டது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூட வேனில் ஆரம்பித்த குழப்பம் அது. அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருமுனையில் ஏறினால் குரோம்பேட்டை போய்ச் சேரும்வரை ஜன்னலோர இடத்துக்குச் சண்டை நடக்கும். ஒரு நாள் எனக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேல் வகுப்பு அக்கா ஒருத்தி என் கன்னத்தைக் கிள்ளி, "ஏண்டி இப்படி உம்மணாமூஞ்சியா உக்காந்திருக்கே?" என்று கேட்டாள். என் காதில் அது "உம் அண்ணா மூஞ்சியா" என்று விழுந்தது. பேச்சில் 'உன் பை' என்பது 'உம் பை' ஆகும், 'உன் பேனா' என்பது 'உம் பேனா' ஆகும். 'உன் அண்ணா' மட்டும் ஏன் 'உம் அண்ணா' ஆகக்கூடாது? உன் அண்ணா மாதிரியே மூஞ்சியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயே என்று அவள் கேட்பதாகத்தான் புரிந்துகொண்டேன். அவள் எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை. அண்ணாவின் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. அவ்வளவு தூரம் பரவிவிட்டதா என்று வெட்கமாகவும் இருந்தது.

ஏனென்றால் அந்த வர்ணனை அண்ணாவுக்கு அப்படியே பொருந்தியது. அவன் என்னைவிட ஏழு வயது பெரியவன். அகலமான முகம். கீழுதடு கொஞ்சம் முன்னால் வந்திருக்கும். உதட்டின் இரண்டு ஓரமும் கீழே இறங்கியிருக்கும். புருவங்கள் ஒன்றையொன்று நெருங்கி ஏதோ யோசித்துக்கொண்டிருக்கும். அவன் ஒரு வயதுக் குழந்தையாக இருந்தபோது ஸ்டூடியோவில் எடுத்த படம் வீட்டில் உண்டு. கையில் கிலுகிலுப்பை, தலையில் தொப்பி, முகத்தில் யாரோ தன்னை ஏமாற்றிவிட்ட மாதிரி ஒரு பார்வை. போட்டோக்காரர் என்னென்னவோ சத்தமெல்லாம் போட்டுப் பார்த்துக் களைத்துப்போய்க் கடைசியில் இருந்தபடியே எடுத்துவிட்டார் என்று அம்மா சொல்வாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் முறையிட்டேன். வேனில் எல்லோரும் அண்ணாவைக் கேலி செய்கிறார்கள் என்றேன். விவரம் கேட்ட அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, வாசலில் பேசிக்கொண்டிருந்த அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னாள். அப்பாவோடு எதிர்வீட்டுத் தமிழாசிரியர் நின்றிருந்தார். அப்பாவுக்கு அவரிடம் எதையாவது கேட்டு மாட்டிவிடுவதில் ஒரு சந்தோஷம். உடனே கேட்டார், இந்தச் சொல் எங்கிருந்து சார் வந்தது என்று.

உம் என்பது வாயை மூடிக்கொண்டு எழுப்பும் ஒலி என்றார் ஆசிரியர். யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாமல் உம்மென்று இருக்கிறவனின் மூஞ்சி, உம்மணாமூஞ்சி. அதுவரைக்கும் சரி, நடுவில் அந்த 'அணா' எப்படி வந்தது என்று அப்பா விடவில்லை. ஓர் அணா கொடுத்துக்கூட அந்த மூஞ்சியை யாரும் வாங்க மாட்டார்கள் என்று அர்த்தமா என்று கேட்டார். தனக்குத் தெரியவில்லை என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். வாயில் புரண்டு புரண்டு வந்ததாக இருக்கும், எல்லாவற்றுக்கும் காரணம் கேட்கக்கூடாது என்றும் சொன்னார்.

அண்ணா அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தான். சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து, "வாயத் தொறந்துட்டு உம்முன்னு சொல்ல முடியுமா சார்?" என்றான்.

ஆசிரியர் சொல்லிப் பார்த்தார். அப்பா சொல்லிப் பார்த்தார். அம்மா, நான், எல்லோரும் "உம்" என்றோம். உதட்டை மூடாமல் அந்த ஒலி வரவில்லை. மூடிய உதட்டோடு நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அத்தனை பேர் முகமும் அண்ணாவின் முகமாக இருந்தது.

அண்ணா மறுபடியும் குனிந்து காற்றடிக்க ஆரம்பித்தான். அவன் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அவன் சிரிக்கிறான் என்று கண்டுபிடிக்க அந்த ஒரு வழிதான் உண்டு. முகம் அசையாது. தோள் மட்டும் இரண்டு மூன்று தடவை மேலும் கீழும் போய்வரும். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அது தெரியாது. விக்கல் வந்துவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

எங்களுக்கே அவன் முகம் பழக நாளாயிற்று. என் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த அன்று எனக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரத் தைரியம் இல்லை. கணக்கில் போய்விடும் என்ற பயம். அண்ணாவின் கையில் என் எண்ணைக் கொடுத்து அனுப்பிவிட்டு அடுப்படி மூலையில் உட்கார்ந்துவிட்டேன். பிரவுசிங் சென்டரிலிருந்து திரும்பியவன் வாசற்படியில் நின்று என்னைத் தேடினான். அந்த உதடு, அந்தப் புருவம். நான் அழத் தொடங்கிவிட்டேன். அம்மாவும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவன் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கையிலிருந்த தாளை என் மடியில் வைத்து, "மூஞ்சியப் பாக்காத, மார்க்கப் பாரு" என்றான். நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாக வந்திருந்தது. வரும் வழியில் வாங்கிய பால்கோவா அவன் சட்டைப் பையில் நசுங்கிக் கிடந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வந்தது. அவன் முகத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்வதில்லை. சாம்பார் நன்றாக இருக்கிறதா, அலுவலகத்தில் என்ன ஆயிற்று, காய்ச்சல் அடிக்கிறதா, எல்லாவற்றையும் வாய்விட்டுக் கேட்டுவிடுவோம். கேட்டால் உண்மையைச் சொல்வான். கேட்கிற வரைக்கும் சொல்ல மாட்டான்.

வெளியில் இருப்பவர்கள் யாரும் கேட்பதில்லை. அவர்கள் பார்த்த மாத்திரத்தில் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

டிப்ளமோ முடித்ததும் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு கார் ஷோரூமில் விற்பனைப் பிரிவில் சேர்ந்தான். வண்டிகளைப் பற்றி அவனுக்குத் தெரியாதது கிடையாது. ஆனால் அங்கே வருகிறவர்களுக்கு முதலில் ஒரு சிரிப்பு வேண்டும், பிறகுதான் வண்டி. மேனேஜர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, கண்ணாடி முன்னால் நின்று பழகச் சொன்னார். அவனும் பழகினான். குளியலறைக் கண்ணாடி முன்னால் அவன் பழகுவதை ஒரு நாள் தற்செயலாகப் பார்த்துவிட்டேன். பல் தெரிந்தது. பல்வலிக்காரன் மருத்துவரிடம் காட்டுவது போல இருந்தது. நான் பார்த்துவிட்டது தெரிந்ததும் பல்லை மூடிக்கொண்டு, "கஷ்டம்" என்று மட்டும் சொன்னான்.

கடைசியில் ஒரு வாடிக்கையாளர் இணையத்தில் புகார் எழுதினார். கவுன்டரில் இருக்கும் ஆள் சரியான சிடுமூஞ்சி, வண்டி வாங்க வந்தவர்களைத் துரத்தி அடிக்கிறார் என்று. மேனேஜர் அதைக் காட்டி அவனைப் போகச் சொல்லிவிட்டார். வீட்டில் அப்பாவுக்குக் கவலை. அண்ணா சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து வெகு நேரம் சாப்பிடவில்லை. வேலை போன வருத்தம் என்றுதான் நினைத்தோம். பழக்கப்படி அம்மா கேட்டாள்.

"அவர் எப்படிம்மா சிடுமூஞ்சின்னு எழுதலாம்?" என்றான். "நான் யார்கிட்டயாவது சிடுசிடுன்னு விழுந்திருக்கேனா? உம்மணாமூஞ்சின்னு எழுதியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பேன்."

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். வேலையே போய்விட்டது, இவன் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறான் என்றார். எனக்கு மட்டும் அவன் சொன்னது புரிந்தது. சூடான எண்ணெயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் வருமே, அந்தச் சத்தம் சிடுசிடு. சிடுமூஞ்சி என்றால் கிட்டே போனவர்கள் மேல் தெறிக்கும். கடுகடுப்பில் மிளகாயின் காரம் இருக்கிறது. முறைப்பதற்கு எதிரே ஓர் ஆள் வேண்டும். முகச்சுளிப்பு வரும், போகும். உம்மணாமூஞ்சி யாரையும் எதுவும் செய்யாது. அது பாட்டுக்கு இருக்கும். இத்தனை வேறுபாட்டையும் அவன் வாழ்க்கை அவனுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. தன்னைத் திட்டுவதென்றால் சரியான சொல்லால் திட்ட வேண்டும் என்று எதிர்பார்த்தான்.

அதன் பிறகுதான் தாம்பரத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தான். கடைசி வரைக்கும் அதுதான் அவன் வேலை. முதல் மாதம் முதலாளி என்னைப் பார்த்தபோது கொஞ்சம் தயக்கத்தோடு, "உங்க அண்ணன் இன்னாம்மா, சிரிக்கவே மாட்டேங்கிறாரு" என்றார். அடுத்த வருடம் அதே ஆள், "லேடீஸ் அல்லாம் அவருதான் வோணும்னு கேட்டுகினு கீறாங்க. இன்னா மந்திரம் போட்டாரோ தெரில" என்றார்.

அந்த மந்திரத்தை எனக்குச் சொன்னவர் சிட்லபாக்கத்து அம்மா ஒருவர். ஐம்பது வயதைத் தாண்டி வண்டி கற்றுக்கொள்ள வந்தவர். மகன் வெளிநாட்டுக்குப் போய்விட்டான், வீட்டில் கார் சும்மா நிற்கிறது. முதலில் கணவரிடம்தான் கற்றுக்கொண்டாராம். ஒவ்வொரு தவறுக்கும் அவர் ஒரு முகம் காட்டுவார். கிளட்சை வேகமாக விட்டால் ஒரு முகம், வண்டி நின்றுவிட்டால் இன்னொரு முகம். சாலையைப் பார்ப்பதா அவர் முகத்தைப் பார்ப்பதா என்று தெரியாமல் பாதியிலேயே விட்டுவிட்டார். அண்ணாவின் பக்கத்தில் உட்கார்ந்த முதல் நாள் அவருக்கு இன்னும் பயம். வண்டியை எடுப்பதற்கு முன்பே இந்த ஆளுக்கு இவ்வளவு கோபமா என்று நினைத்தாராம். ஏரிக்கரைத் தெருவில் திரும்பும்போது ஒரு வீட்டின் காம்பவுண்டுச் சுவரில் வண்டியை உரசிவிட்டார். அண்ணாவைத் திரும்பிப் பார்த்தார். முகம் அப்படியே இருந்தது. இறங்கிப்போய் அந்த வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து, "ரிவர்ஸ் போடுங்கம்மா" என்றான்.

"அன்னிக்குத்தான்மா எனக்குத் தைரியம் வந்துச்சு" என்றார் அந்த அம்மா. "நான் நல்லா ஓட்டினாலும் அதே மூஞ்சி, இடிச்சாலும் அதே மூஞ்சி. அப்புறம் எதுக்கு அவரப் பாக்கணும்? ரோட்டப் பாத்து ஓட்ட ஆரம்பிச்சேன்."

அண்ணாவிடம் இதைச் சொன்னேன். தோள் குலுங்கியது.

ஓர் இடத்தில் மட்டும் அவன் முகத்தை யாரும் குறை சொன்னதில்லை. அது சாவு வீடு. எங்கள் தெருவில் யார் இறந்தாலும் முதலில் அவனுக்குத்தான் ஆள் வரும். உடலை வைக்கக் கூலர் பெட்டிக்குச் சொல்வது, நாற்காலி போடுவது, சுடுகாட்டில் பேசுவது, ஊரிலிருந்து வருகிறவர்களைத் தாம்பரம் ஸ்டேஷனில் போய் அழைத்து வருவது என்று எல்லாவற்றையும் அவன் பார்த்துக்கொள்வான். வந்தவர்கள் அவனைப் பார்த்து, இறந்தவருக்கு மிகவும் வேண்டியவர் போலிருக்கிறது என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார்கள். அவனும் தலையாட்டி வாங்கிக்கொள்வான். கல்யாணம், சீமந்தம், புதுமனை புகுவிழா என்றால் வேறு. பத்திரிகை வரும். வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். பந்தலில் முன்னால் நிற்கச் சொல்ல மாட்டார்கள். இதைப் பற்றி அவன் ஒரு நாளும் பேசியதில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவான் என்று தெரியும்.

அவனுக்குப் பெண் பார்க்காமல் இல்லை. மூன்று நான்கு வீடுகளுக்குப் போனோம். எல்லா இடத்திலிருந்தும் ஒரே பதில் வந்தது, பிள்ளைக்கு இஷ்டமில்லாத மாதிரி தெரிகிறதே என்று. ஓர் இடத்தில் உண்மையிலேயே அவனுக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. பதில் வந்த அன்று, "நான் ரெண்டு கேசரி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேனே, அது போதாதா?" என்றான். பிறகு அவனே இந்தப் பேச்சு வேண்டாம் என்று சொல்லிவிட்டான். முதலில் எனக்குப் பாருங்கள் என்றான்.

எனக்குச் செங்கல்பட்டில் இடம் அமைந்தது. பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய மண்டபத்தில் கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் வரவேற்பு. வாசலில் பன்னீர் தெளித்து அழைக்க அண்ணா நின்றான். புதுச்சட்டை, பட்டுவேட்டி, அந்த முகம்.

மாப்பிள்ளையின் அத்தை ஒருவர். அவர் உள்ளே நுழையும்போதே அண்ணாவைப் பார்த்து நின்றுவிட்டாராம். யார் இது என்று விசாரித்து, பெண்ணின் அண்ணன் என்று தெரிந்ததும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கூடப்பிறந்த தங்கைக்குக் கல்யாணம், இவன் ஏன் இப்படி நிற்கிறான்? இவனுக்கு இந்தச் சம்பந்தத்தில் இஷ்டமில்லை. ஏன் இஷ்டமில்லை? பெண் வேறு யாரையாவது விரும்பி, அதை மறைத்து இங்கே கட்டிக்கொடுக்கிறார்களோ? வாசலில் ஒரு கேள்வியாக இருந்தது, முன்வரிசை நாற்காலிகளைச் சுற்றி வருவதற்குள் கதையாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கூடிக்கூடிப் பேசினார்கள். மேடையில் நின்றிருந்த என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். எனக்குக் காரணம் தெரியவில்லை. நகையில் ஏதோ குறை கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

விஷயம் என் மாமாவின் காதுக்குப் போனது. மாமா அம்மாவுக்குத் தம்பி. பதற்றக்காரர். நேராக வாசலுக்குப் போய் அண்ணாவின் கையிலிருந்த பன்னீர்ச் செம்பை வாங்கிக்கொண்டு, நீ இங்கே நிற்க வேண்டாம், மாடியில் பந்தியைப் பார்த்துக்கொள் என்றார். போட்டோ எடுக்கும்போதும் வர வேண்டாம், நாளைக்குத் தாலி கட்டி முடியும்வரை அவர்கள் கண்ணில் படாதே என்றும் சொல்லியிருக்கிறார். அண்ணா ஏன் என்று கேட்கவில்லை. படியேறிப் போய்விட்டான்.

மேடையிலிருந்து நான் அவனைத் தேடினேன். குடும்பப் படம் எடுக்கக் கூப்பிட்டபோது அப்பா, அம்மா, மாமா எல்லோரும் ஏறி வந்தார்கள். அண்ணா எங்கே என்று அம்மாவிடம் கேட்டேன். மாடியில் வேலையாக இருக்கிறான் என்று சொல்லிவிட்டு அம்மா என் முகத்தைப் பார்க்காமல் புடவை மடிப்பைச் சரிசெய்தாள். அவன் வந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்றேன். மாமா குனிந்து, பிறகு விவரம் சொல்கிறேன், இப்போது சிரித்த மாதிரி நில் என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் படத்தில் அண்ணா இல்லாத குறையை என் முகம் தீர்த்து வைத்திருக்கிறது.

அடுத்து நடந்ததை என் மாமனார் பிற்பாடு பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன். மனிதர் கொஞ்சம் கண்டிப்பானவர். காற்றில் வருகிற பேச்சை நம்பிக்கொண்டு இருக்க மாட்டார். அத்தை சொன்னதைக் கேட்டுக்கொண்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல் மாடிக்குப் போனார். பந்தியில் கூட்டம் குறைந்திருந்தது. அண்ணா ஒரு வரிசையில் இலைகளுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தான். அவனைக் கூப்பிட்டு ஓரத்தில் பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"தம்பி, உங்க தங்கச்சி கல்யாணத்துல உங்களுக்கு ஏதாவது மனக்குறை இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க. தாலி ஏறினதுக்கு அப்புறம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல."

அண்ணாவிடம் முதல் முறையாக வெளியாள் ஒருவர் வாய்விட்டுக் கேட்கிறார். அவன் தண்ணீர் ஜக்கை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டான்.

"ஒரு குறை இருக்கு சார்" என்றான்.

மண்டபம், பத்திரிகை, ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் ஒரு கணம் தன் கண்முன் வந்து போனதாக மாமனார் சொல்வார். சொல்லுங்கள் என்றார்.

"அவளுக்கு ராத்திரி ரசம் சாதம் இல்லன்னா தூக்கம் வராது. உங்க வீட்ல ராத்திரி எல்லாருக்கும் சப்பாத்திதான்னு கேள்விப்பட்டேன். அவ வாயத் தொறந்து கேக்க மாட்டா. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு நிச்சயமான நாள்லேர்ந்து யோசிச்சுட்டிருக்கேன்."

மாமனார் அவனையே பார்த்தார். கிண்டல் செய்கிறானா என்று முகத்தில் தேடியிருக்கிறார். அங்கே என்ன கிடைக்கும்?

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் சார்."

"அப்புறம் ஏன் தம்பி இப்படி இருக்கீங்க?"

"எப்படி சார்?"

மாமனார் கையால் தன் முகத்துக்கு முன்னால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். அண்ணா புரிந்துகொண்டான்.

"இது எனக்குப் பிறந்ததுலேர்ந்தே இப்படித்தான் சார். சந்தோஷமா இருந்தாலும் இதான் வரும்."

"இப்ப சந்தோஷமா இருக்கீங்களா?"

"ரொம்ப" என்றான் அண்ணா. அதைச் சொல்லும்போது கையிலிருந்த தண்ணீர் ஜக் ஆடி வேட்டியில் சிந்தியது. மாமனார் அதைத்தான் பார்த்தேன் என்பார். அதைப் பார்த்த பிறகு எனக்கு வேறு எதையும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை என்பார்.

"சார்லாம் வேணாம். மாமான்னு கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்கினார். நேராக மேடைக்கு அழைத்து வந்தார். வழியில் தன் தங்கையிடம், அதாவது அந்த அத்தையிடம், நானே கேட்டுவிட்டேன், பையனுக்குப் பூரண சம்மதம், இனிமேல் யாரும் இதைப் பற்றிப் பேச வேண்டாம் என்றார். என் மாமா ஓரமாக ஒதுங்கினார். ஈர வேட்டியோடு அண்ணா என் பக்கத்தில் வந்து நின்றான். போட்டோக்காரர் பழக்க தோஷத்தில், சார் கொஞ்சம் சிரிங்க என்று அவனைப் பார்த்துச் சொன்னார். அவனும் மரியாதைக்கு முயன்றான். குளியலறையில் நான் பார்த்த அந்தப் பல்வரிசை வெளியே வந்தது. மாமனார் அவசரமாக, "வேணாம் தம்பி, நீங்க எப்பவும்போல இருங்க. அவர் எடுப்பாரு" என்றார்.

மேடையில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அத்தைகூடச் சிரித்தார். அந்தப் படம்தான் என் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

அண்ணா இப்போது இல்லை. சிறுநீரகக் கோளாறில் நாலைந்து மாதம் படுத்திருந்து போய்விட்டான். ஆஸ்பத்திரியில் வலிக்கிறதா என்று நர்ஸ் கேட்கும்போதெல்லாம் ஆமாம் இல்லை என்று உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தான். அவனை நினைக்கும்போது எனக்கு அந்தக் கட்டில் ஞாபகத்துக்கு வருவதில்லை. கல்யாணத்தன்று காரில் போனதுதான் வருகிறது.

முகூர்த்தம் காலையிலேயே முடிந்துவிட்டது. ஹோமத்தில் இட, அண்ணன் முறைக்குப் பொரியை என் கையில் அள்ளிப் போட்டவன் அவன்தான். சடங்கெல்லாம் முடிந்து, என்னையும் மாப்பிள்ளையையும் செங்கல்பட்டுக்கு அழைத்துப் போக அலங்காரம் செய்த கார் வாசலில் நின்றது. மாப்பிள்ளை வீட்டார் ஒரு டிரைவரை ஏற்பாடு செய்திருந்தார்கள். அண்ணா அவரிடம் போய்ச் சாவியை வாங்கிக்கொண்டான். நான்தான் ஓட்டுவேன் என்றான். யாரும் மறுக்கவில்லை.

அம்மா ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் அழுதாள். அப்பா மண்டபத்துக்குள் போய்விட்டார். நானும் அழுதேன். அண்ணா ஸ்டீரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா கையை எடுத்ததும் வண்டியை எடுத்தான்.

பெருங்களத்தூர் சந்திப்பில் நெரிசல். தெற்கே போகும் பேருந்துகள் வரிசையாக நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தன. வண்டி நகரவில்லை. என் கணவர் ஏதாவது பேச வேண்டும் என்று, செங்கல்பட்டு போகச் சாதாரணமாக எவ்வளவு நேரம் ஆகும் என்று அண்ணாவிடம் கேட்டார். பதில் வரவில்லை. நான் முன்னால் இருந்த கண்ணாடியில் அண்ணாவைப் பார்த்தேன். அவனும் அதே நேரம் என்னைப் பார்த்தான். உடனே கையை உயர்த்தி அந்தக் கண்ணாடியை மேலே திருப்பிவிட்டான். அதில் காரின் கூரை மட்டும் தெரிந்தது.

என் கணவருக்குப் புரியவில்லை. "ஏன் திருப்பிட்டீங்க?" என்றார்.

"பின்னாடி வண்டிக்காரன் லைட் கண்ல அடிக்குது" என்றான் அண்ணா.

என் கணவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒரு தண்ணீர் லாரி நின்றிருந்தது. உச்சி வெயில். சாலையில் எந்த வண்டியிலும் விளக்கு எரியவில்லை. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவர் கையைப் பிடித்து அழுத்தினேன். எங்கள் கல்யாணத்தில் நானாக அவர் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

முன்னால் வழி கிடைத்தது. அண்ணா பக்கவாட்டுக் கண்ணாடிகள் இரண்டையும் பார்த்துக்கொண்டு மெதுவாக வண்டியைச் செலுத்தினான். செங்கல்பட்டு வரும்வரை அவன் தோளையே பார்த்துக்கொண்டு வந்தேன். அது குலுங்கவில்லை. ஒரே மாதிரி, அசையாமல் இருந்தது.